கடலில் விழுந்தால்தான் ஊர் தெரிகிறது

இன்று மத்தியானம் புது கார் ரேஸ் கேமை டிவியில் போட்டேன். மலைப்பாதை, கீழே கடல், சாலையெங்கும் மழைத்தண்ணீர் மினுங்குகிறது. ராசிபுரம் வெயிலில் உட்கார்ந்திருந்த எனக்கே குளிர்ந்தது.

ஆனால் ஓட்டத்தான் முடியவில்லை. லேசாகத் திருப்பினாலும் கார் வழுக்கிக்கொண்டு கடலுக்குள் போகிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி கவிதா நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க, அந்தப் பூமரத்துகிட்ட கொஞ்சம் நிறுத்துங்க, பாக்கலாம்."

நிறுத்தினேன். பந்தயத்திலிருந்து விலகிவிட்டேன் என்று கேம் என்னைத் தொடக்கத்துக்கே கொண்டுபோய் விட்டது.

"நிக்கவே உடாதுங்களா? அப்புறம் எதுக்கு இத்தன அழகா பண்ணி வெச்சிருக்கறாங்க?"

எரிச்சலில் வேகமாக மிதித்தேன். கார் பாலத்தைத் தாண்டிப் பறந்தது. விழும்போது மட்டும் எல்லாம் மெதுவாக நகர்ந்தது. தீவு, கலங்கரை விளக்கம், மேகத்துக்குப் பின்னால் சூரியன் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

கவிதா துணியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, இன்னொருக்கா உழுங்க."

விழுந்தேன். "அந்த வளைவுல உழுந்தா அருவி தெரியுமாட்ட இருக்குது" என்று வழியும் சொன்னாள். பொழுது சாயும்வரை விழுந்துகொண்டே இருந்தோம்.

எனக்குக் கடைசி இடம் என்கிறது கேம். "நல்லாத்தானுங்க ஓட்டுறீங்க" என்கிறாள் கவிதா. ஆசையாகக் காத்திருந்து வாங்கிய எனக்கு, இது நல்ல கேமா இல்லையா என்றே பிடிபடவில்லை.

ஒருமுறைகூட விழாமல் முடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வழியில் ஏதாவது பார்த்தீர்களா?