தங்கத்தை மட்டும் காட்டும் கம்பிகள்

என் கணவருக்கு மெட்டல் டிடெக்டர் ஆசை வந்தது கைப்பேசியில் பார்த்த வீடியோவால். எங்கோ வெளிநாட்டுப் பாலைவனத்தில் ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடக்கிறார், கருவி கத்துகிறது, தோண்டினால் பாக்கு அளவுக்குத் தங்கக்கட்டி. காலையில் காபி ஆறிப்போவது தெரியாமல் இவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் இருவரும் கோலார் தங்கவயலில் பிறந்து, வேலைக்காக பெங்களூருக்கு வந்தவர்கள். இரண்டு வீட்டு அப்பாக்களும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள்தான்.

"நம்ம அப்பனுங்க பூமிக்குள்ள போய் எவனெவனுக்கோ எடுத்துக் குடுத்தாங்க. நமக்குன்னு ஒரு குண்டுமணி மேலாப்புல கெடைக்காதா?" என்பார்.

அதற்குமேல் என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் இரண்டு நிபந்தனை போட்டேன். பழைய சுரங்க நிலத்திலும் சர்க்கார் நிலத்திலும் கால் வைக்கக் கூடாது. பங்காரப்பேட்டை பக்கம் அவருடைய சித்தப்பாவுக்கு ஓடையை ஒட்டி ஒரு மேட்டுக்காடு இருக்கிறது, அங்கே மட்டும்தான். இன்னொன்று, வாஷிங் மெஷினுக்கு ஒதுக்கி வைத்ததற்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன்.

நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் சார்ஜர் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எதையும் சோதிக்காமல் வாங்க என் மனம் ஒப்பாது. கொஞ்ச நாள் உட்கார்ந்து படித்தேன். நாணயம் தேடுகிற மலிவான கருவி சின்னத் தங்கத் துணுக்கைக் கவனிக்காமல் போய்விடும். அதற்கு அதிர்வெண் கூடுதலாக வேண்டும். எங்கள் ஊர்ச் செம்மண்ணில் இரும்பு அதிகம், அதனால் மண்ணுக்கு ஏற்றபடி திருகிச் சரிசெய்யும் வசதி இருக்க வேண்டும். ரொம்ப உயர்ந்த ரகம் ஒரு பைக் விலை. அது எங்களுக்கு ஆகாது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு சிட்டி மார்க்கெட் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சந்துக்கு ஒரு சனிக்கிழமை போனோம். கடைக்காரர் நாங்கள் கேட்டதை எடுக்கவே இல்லை. வெல்வெட் பெட்டி ஒன்றைத் திறந்தார். துப்பாக்கிப் பிடி மாதிரி ஒரு கைப்பிடி, அதன் முனையில் ஆன்டெனா போல இரண்டு கம்பிகள்.

"இது கோல்டு மட்டும் காட்டும் மேடம். இரும்பு, செம்பு, எதையும் கண்டுக்காது. ரொம்ப ஆழம் போகும்."

"காயில் எங்க?" என்றேன். உலோகத்தை உணர்வதே அந்த வட்டக் கம்பிச்சுருள்தான்.

"காயில் எல்லாம் பழைய டெக்னாலஜி மேடம்."

"பேட்டரி?"

"அதுவும் வேணாம். நம்ம ஒடம்பு கரண்டே போதும்."

எனக்கு மண்டைக்குள் சூடு ஏறியது. கடைக்காரர் தன் மோதிரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, கருவியைப் பிடித்தபடி நடந்தார். மோதிரத்துக்கு நேரே வந்ததும் கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. என் கணவர் வாயைப் பிளந்தார். பக்கத்தில் இன்னொருவரும் நின்றிருந்தார். ஒசகோட்டே பக்கத்து விவசாயி, வயதானவர். இடிந்த பழைய வீட்டுக் கொல்லையில் அவருடைய அம்மா நகைகளைப் புதைத்திருக்கிறாராம். இதே கருவிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, மீதியை டவலில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

மேசை ஓரத்தில் காலி டீக்கப் மூன்று கிடந்தன. அவற்றைக் கவிழ்த்து வைத்தேன்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. மோதிரத்தை இதுல ஏதாவது ஒண்ணுக்குள்ள வெக்கிறேன். எதுலன்னு உங்க மெஷின் சொல்லட்டும்."

"டவுட்டோட வந்தா மெஷின் வேலை செய்யாது மேடம்."

"என் டவுட்டு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகம் மாறிவிட்டது. "நீங்க கேஜிஎஃப் ஆளுங்கதானே? பேச்சுலயே தெரியுது. ராத்திரியில சுரங்கத்துக் கழிவு மண்ணு மேட்டுல போய்த் திருடுறதுக்குத்தான் இதெல்லாம் கேக்குறீங்க. மரியாதையா போயிடுங்க."

என் அப்பா நெஞ்சில் பாறைத்தூசி அடைத்து இருமி இருமியே செத்தவர். அவர் வேலை செய்த ஊரின் பெயரைச் சொல்லி, ஏமாற்றுக்கம்பி விற்கிறவன் என்னைத் திருடி என்கிறான்! என் கணவரோ என் முழங்கையைப் பிடித்து, "விடு, கடையில வெச்சு மானத்தை வாங்காத" என்று முணுமுணுத்தார். யார் மானம் யாரால் போகிறது என்று அவரிடமும் கத்தினேன்.

பிறகு அந்த விவசாயியிடம் கன்னடத்தில் சொன்னேன். "ஐயா, இது வெறும் கம்பி. கையைக் கொஞ்சம் சாய்த்தால் தானாகச் சேரும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நன்றி இல்லை, கோபம்தான் இருந்தது. "நீனு சும்னிரம்மா" என்றார். பேசாமல் இரு என்று அர்த்தம். "நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் அபசகுனமாகப் பேசாதே." என் கண்ணெதிரிலேயே டவலை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

அந்தக் கடையைப் பற்றிப் புகார் கொடுக்க நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். வாங்கினவர்தான் புகார் செய்ய வேண்டும் என்றார்கள். வாங்கினவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கடைசியில் பிரேசர் டவுனில் ஒருவர் பயன்படுத்திய கருவியை வாங்கினோம். காயில், பேட்டரி, மண்ணுக்குத் திருகும் குமிழ் எல்லாம் இருந்தன. அவர் வீட்டு வாசலிலேயே என் மூக்குத்தியைக் கழற்றி மண்ணுக்கடியில் மறைத்து வைத்து, கருவி அதைக் கண்டுபிடித்த பிறகுதான் பணத்தைக் கொடுத்தேன்.

சித்தப்பா நிலத்தில் முதல் நாள் அது ஓயாமல் அலறியது. குமிழைத் திருகித் திருகி மதியத்துக்குள் அடக்கினேன். கிடைத்ததெல்லாம் ஆணி, மாட்டு லாடம், பாட்டில் மூடி. கணவர் ஒவ்வொரு குழியிலும் மண்டி போட்டு மண்ணை உதிர்த்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த சித்தப்பா, "ஏம்மா, கெணத்துலேர்ந்து மேட்டுக்கு இரும்புப் பைப்பு போட்டிருந்தேன். எங்கயோ ஒடஞ்சி தண்ணி ஏறல, அது எங்க போவுதுன்னே மறந்துட்டேன். அத்த இது காட்டுமா?" என்று கேட்டார்.

"தங்கம் தேட வாங்குன மெஷின் சித்தப்பா இது" என்று இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் கருவியை இவரிடமிருந்து வாங்கிக் கிணற்றடியிலிருந்து நடக்கத் தொடங்கினேன். அது சத்தம் போட்ட இடத்திலெல்லாம் சித்தப்பா ஒரு குச்சியை நட்டுக்கொண்டே வந்தார். பொழுது சாய்வதற்குள் குழாய் மேடு வரைக்கும் தெரிந்துவிட்டது. சித்தப்பா குச்சி நட்ட வழியே தோண்டி, உடைந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, மறுவாரமே தண்ணீர் ஏற்றினார்.