படகுக்குள் ஊற்றிய தண்ணீர்

பங்காருபேட்டையிலிருந்து ரயிலில் வந்த அந்தப் படகை எங்கள் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டல் ஸ்டேஷனில் இறக்கியபோது, எங்கள் கூலி லைனில் பாதிப்பேர் அதை மாட்டுத்தொட்டி என்றுதான் நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வட ஆற்காட்டிலிருந்து தங்கச்சுரங்க வேலைக்கு வந்த சனங்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்த ஆறு பாலாறு, அதில் நடந்தே போகலாம்.

படகு எங்கள் கேம்ப் துரையுடையது. பேத்தமங்கலம் ஏரியில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் துரைசானியோடு சவாரி போவதற்காகப் பழைய படகாக வாங்கியிருந்தார். வெளிப்பக்கம் இருந்த இரும்புச் சாமான்கள் எல்லாம் ஆடிப்போயிருந்தன. கயிறு கட்டும் முன்வளையம், துடுப்பு மாட்டும் கவைகள், பின்னால் சுக்கான் தொங்கும் கொக்கி என்று பலகையைத் துளைத்து போல்ட் போட்ட இடம் பதினான்கு. பதினான்கிலும் தண்ணீர் கசிந்தது. சுரங்கத்தில் அத்தனை தச்சர்கள் இருந்தும் அந்த வேலை தெரிந்தவர் ஒருவர்தான். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா சிறுவயதில் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு சென்னைக்கு ஓடிப்போய், சில வருஷம் படகு பழுது பார்க்கும் இடத்தில் இருந்தவர். பிறகு எங்களோடு சேர்ந்து, பூமிக்கடியில் மரமுட்டுக் கொடுக்கும் வேலைக்குப் போனார். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் என்ற கூண்டில் ஏறினால் பயத்தில் கண்ணை மூடிக்கொள்வார். அடிமட்டத்துக்குப் போய்ச் சேரும் வரை திறக்கமாட்டார். இது கேம்ப் முழுக்கத் தெரியும், சிரிப்பார்கள். சாப்பிட்டது உள்ளே நிற்காமல் பல நாள் வெறும் வயிற்றோடு ஷிப்டுக்குப் போவார் என்பது மட்டும் வீட்டோடு இருந்தது.

துரை தன் பட்லர் மூலம் சொல்லி அனுப்பினார். படகு ஒரு சொட்டு ஒழுகாமல் போய்த் திரும்பினால், மாமாவுக்குப் பூமிக்கு மேலே தச்சுப்பட்டறையிலேயே வேலை. அன்றைக்கு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சோறு வடித்தது ஞாபகம் இருக்கிறது.

பட்டறைக்குப் பின்னால், எங்கள் தட்டி வீடுகளுக்கு எதிரே இருந்த வெளியில் படகை மரக்கட்டைகள் மேல் ஏற்றிவைத்தார்கள். ஷிப்டு முடிந்து வந்து மாமா வேலை பார்ப்பார். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, துளையைச் சுரண்டிக் காயவைத்து, குங்கிலியத்தை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சி, அதில் சணல்நாரை ஊறவைத்துச் சுற்றி, மறுபடி இறுக்குவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. குங்கிலிய வாசனைக்காகவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் மாமாதான் உலகத்திலேயே பெரிய ஆள் என்ற நினைப்பு அந்த ஒரு வாரம் எனக்கு இருந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை.

கடைசி நாள் காலையில் மாமா செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. சுரங்கக் கிணறான ஷாப்ட்டிலிருந்து பம்ப் இறைத்துக் கொட்டும் தண்ணீர் ஒரு குழாயில் அந்த வெளிப்பக்கம் வரும். குடிக்க ஆகாது. ஆனால் லைன் பெண்கள் துணி துவைக்க, பாத்திரம் கழுவ அதற்குத்தான் குடத்தை வரிசை வைத்து அடித்துக்கொள்வார்கள். பட்டறைக் குமாஸ்தாவிடம் கெஞ்சி, அன்று ஒரு காலை மட்டும் அந்தக் குழாயைக் கேட்டு வாங்கி, படகுக்குள் தண்ணீரை நிரப்பிவிட்டார் மாமா.

"உள்ள ஊத்துனா எங்க வெளிய வருதோ, ஏரியில அங்கதான் உள்ள வரும். என் கை தப்பும் பாப்பா, தண்ணி தப்பு சொல்லாது" என்று சொல்லி என் கையில் ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்தார். "சொட்டுற எடத்துல வட்டம் போடு. சில எடம் மெதுவாத்தான் காட்டும். மூணு மணி சங்குக்கு நான் வர்ற வரைக்கும் தண்ணிய யாரும் தொறக்கக்கூடாது, பாத்துக்க." பிறகு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று இடம் சொட்டியது. மூன்று வட்டம் போட்டேன். அதற்குள் குடங்களோடு பெண்கள் வந்துவிட்டார்கள்.

"ஊருல எல்லாரும் படகுக்குள்ள தண்ணி வராமப் பாத்துக்குவாங்க. இவரு இன்னாடான்னா மொண்டு ஊத்தி வெச்சிகீறாரு" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"நாம ஒரு கொடத்துக்கு அடிச்சிக்கிறோம். படகுக்குக் குளியலு கேக்குதா?" என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு தொடங்கியது. துணி துவைக்க முடியாத கோபம் வேறு அவர்களுக்கு. வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. என் வயதுப் பெண்கள் நாலு பேர் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதில் ஒருத்தி என் முகத்துக்கு நேராகக் கேட்டாள்: "கேஜ்ல கண்ண மூடிக்கினு போயி போயி உங்க மாமனுக்கு மூள கலங்கிப் போச்சா?"

"அவரு எங்க வூட்ல தங்கிகினு கீறாரு, அவ்ளோதான்" என்றேன். எனக்குப் பல் முளைக்கும்போது என்னைத் தோளிலேயே போட்டுக்கொண்டு திரிந்தவரை அப்படிச் சொன்னேன். இன்றைக்கு அந்த வாக்கியத்தை எழுதவே கை கூசுகிறது.

உச்சிவெயிலில் முன்வளையத்தின் கீழே போய்ப் பார்த்தேன். போல்ட்டைச் சுற்றிப் பலகை ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குக் கறுத்து நனைந்திருந்தது. சொட்டவில்லை. சொட்டினால்தானே வட்டம் போடச் சொன்னார் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். பிறகு தண்ணீர் வடிக்கப் படகின் அடியில் இருந்த தக்கையைப் பிடுங்கிவிட்டேன்.

பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். சேறும் தண்ணீருமாக ஒரே ரகளை. பக்கத்து வீட்டு அக்கா என் கன்னத்தைத் தட்டி, "வூட்டுக்கு ஒண்ணாவது புத்தியோட பொறந்துச்சே" என்றாள். பாவாடை நனைய நின்றுகொண்டு அந்தப் புகழை முழுசாக வாங்கிக்கொண்டேன்.

மூன்று மணிச் சங்கு ஊதியதும் மாமா குளிக்காமல் கொள்ளாமல் நேராக வந்தார். காலிப் படகைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எல்லாம் பாத்துட்டேன் மாமா. மூணே எடம்தான். அப்புறம் நான்தான் தொறந்து உட்டேன்" என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

எப்போது திறந்தேன் என்றுகூட அவர் கேட்கவில்லை. என் வார்த்தையை அப்படியே நம்பினார். மறுபடி நிரப்ப அவருக்குக் குழாயும் கிடையாது, பொழுதும் கிடையாது. வட்டம் போட்ட மூன்றையும் கழற்றி, இருட்டுவதற்குள் புதுசாக நார் சுற்றி இறுக்கினார்.

ஏரியில் யாரும் மூழ்கவில்லை. துரைசானியின் வெள்ளைச் செருப்பு நனைந்தது, ரொட்டிக்கூடை நனைந்தது. துரை தன் தொப்பியாலேயே தண்ணீரை இறைத்துக்கொண்டு கரை சேர்ந்தாராம். தண்ணீர் வந்தது முன்வளையத்தின் வழியாக. துரை கத்தவில்லை. பட்டறைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மட்டும் பட்லரிடம் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயந்தரம் மாமா வாசலில் குந்தியிருந்தார். நான் அடி விழும் என்று கதவோரம் நின்றேன். அவர் அதுவரை என்னை அடித்ததே இல்லை, ஆனாலும் அன்றைக்கு விழும் என்று இருந்தேன்.

"பாப்பா, முன்வளையத்துல சொட்டவே இல்லியா? யோசிச்சி சொல்லு."

கேட்ட குரலில் கோபம் இல்லை. என்னிடம் எதையோ யாசிப்பது போலத்தான் இருந்தது. அது என்ன என்று எனக்குப் புரியவில்லை.

"சொட்டல மாமா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப எனக்குத் தெரிஞ்சதே தப்பு" என்றார். என்னிடம் அல்ல, பொதுவாகத்தான் சொன்னார். மறுநாள் காலை கேஜில் ஏறிப் போனார்.

ஓரிரு வருஷம் கழித்துப் பட்டறையின் பெரிய மேஸ்திரியே வீடு தேடி வந்தார். ஏதோ ஒரு மரத்தொட்டியில் போல்ட் போட்ட இடமெல்லாம் ஒழுகுகிறது, யாராலும் நிறுத்த முடியவில்லை, வந்து சரி பண்ணினால் மேலேயே வைத்துக்கொள்கிறேன் என்றார். மாமா எழுந்து நின்று, "எனக்கு அந்த வேல தெரியாதுங்க" என்றார். அம்மா எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். அவருக்கு வீம்பு என்று லைன் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த நானும் வீம்பு என்றுதான் நினைத்தேன்.

அவர் கேட்டபோதே, "அங்க நனைஞ்சிருந்திச்சி மாமா, நான்தான் வட்டம் போடல" என்று சொல்லியிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருப்பார். திட்டி முடித்துவிட்டு, தன் வேலை தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடு தூங்கியிருப்பார். மேஸ்திரி வந்த அன்று அவர் பின்னாலேயே பட்டறைக்குப் போயிருப்பார். அந்த நாலு வார்த்தைத் திட்டுதான் உலகத்திலேயே பெரிய விஷயம் என்று எனக்கு அந்த வயதில் தோன்றியிருந்தது.