கோவில்பட்டிக்குப் போகாத காயில்

பார்சல் தொலைந்தது. அனுப்பியவன் நான்.

இணையத்தில் பொருள் விற்பது சுலபமான தொழில் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். விற்பது சுலபம். கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். கூரியர் கடை வாசலில் ரசீதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் ஆட்சேபணை இல்லை.

ஓசூரில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். வெளியிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்ப்பது, சரியில்லாததற்குச் சிவப்புச் சீட்டு எழுதித் திருப்பி அனுப்புவது. ரிடயர் ஆனதும் கிருஷ்ணகிரியில் மூடப்போன ஸ்பேர்ஸ் கடை ஒன்றில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய மொபெட் பாகங்கள் வாங்கினேன். கம்பெனிக்காரனே செய்வதை நிறுத்திவிட்ட பாகங்கள். இரண்டாயிரத்து ஏழு வாக்கில் அவற்றை ஓர் இணையச் சந்தையில் போட்டு விற்க ஆரம்பித்தேன்.

அன்புள்ள ஐயா

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மூக்கண்டப்பள்ளியில் ஜெராக்ஸும் பிரௌசிங்கும் நடத்திய நாகரத்தினம்மாதான் எனக்கு எல்லாம். தெலுங்குக்கார அம்மா. நான் நின்றபடியே சொல்வேன், அவர் அடிப்பார். வாங்கியவர் யாராவது "பொருள் எப்போது வரும்?" என்று கேட்டிருந்தால் நான் சொல்லும் பதில்: "அனுப்பியாச்சு. வரும். திரும்பத் திரும்பக் கேட்காதே."

ஆனால் ஊர் ஊராக என்னைப் பாராட்டி எழுதினார்கள். பண்பானவர், பொறுமைசாலி, நட்சத்திரம் ஐந்து. எனக்கே சந்தேகம் வந்தது. ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். "அன்புள்ள ஐயா, தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன்" என்று இருந்தது. யாருடைய கடிதம் இது என்றேன். "நீங்க சொல்றத நான் அப்படியே அடிச்சா, வித்த சாமானெல்லாம் திரும்பி வந்துடும் சார். வாய் உங்களுது, வியாபாரம் என்னுது, சும்மா நில்லுங்க."

நின்றேன். அந்த அம்மாவுக்கு இன்றுவரை நான் நன்றி சொல்லவில்லை. இப்போது எழுதுவதுதான் அந்த நன்றி.

கடைசிக் காயில்

தை மாதம் கோவில்பட்டியிலிருந்து கருப்பசாமி என்பவர் ஒரு மேக்னெட்டோ காயில் வாங்கினார். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பாகம் அது. லேத்தில் கடைந்து செய்துவிட முடியாது. என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது.

பெட்டிக்கு ஓசூரில் யாரும் காசு கொடுப்பதில்லை. கம்பெனி கம்பெனியாகப் பழைய அட்டைப்பெட்டி வெளியே வரும், காயலான் கடையில் எடுத்துக்கொள்ளலாம். நல்ல கனமான அட்டை. எங்கள் பழைய கம்பெனியின் பெட்டி ஒன்று கிடைத்தது. அதன்மேல் கம்பெனி விலாசத்தோடு அச்சடித்த ஸ்டிக்கர் இருந்தது. கிழித்துப் பார்த்தேன், வரவில்லை. அதன்மேலேயே கருப்பசாமியின் விலாசத்தை மைதாப் பசை போட்டு ஒட்டினேன். உள்ளே என் வழக்கப்படி ஒரு சீட்டு எழுதி வைத்தேன். உள்ளே வைக்கும் சீட்டு நாகரத்தினம்மா கைக்குப் போகாது. என் எழுத்து, என் பாஷை.

பத்து நாள் கழித்துக் கருப்பசாமியே போன் செய்தார். வரவில்லையாம். அப்போதுதான் விவரம் சொன்னார். இரண்டு காலும் சிறு வயதிலேயே போலியோவில் போனவை. தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர். பக்கச் சக்கரம் வைத்துக் கட்டிய பழைய மொபெட்தான் அவருக்குக் கால். அது நின்றுபோய் ஒரு மாதம். பால்காரர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனால்தான் வேலை, அவர் வராத நாளில் வீடு. "நான் நாலு நாள் சேந்தாப்ல போவலன்னா அந்த மரத்தடில வேற ஆளு பெஞ்சப் போட்டுருவான் அண்ணாச்சி. மரம் போனா அம்புட்டுத்தான்."

யானை

கூரியர் கடையில் மஞ்சுநாத் என்று ஒருவர். கன்னடக்காரர், நல்ல மனுஷன். பார்சல் எங்கே என்று கேட்டால் உடனே ஒரு காரணம் சொல்லிவிடுவார். காரணம் இல்லாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. முதல் நாள் லாரி ஸ்ட்ரைக். இரண்டாம் நாள் கம்ப்யூட்டர் ரிப்பேர். மூன்றாம் நாள், "ஆனெ நிந்திதே சார், சானமாவுல. வண்டி வரல."

சானமாவுக் காட்டில் யானை நிற்பது உண்மை. அடிக்கடி நிற்கும். ஆனால் அது ராயக்கோட்டை ரோடு. கோவில்பட்டிக்குப் போகிற பெட்டி சேலம் ரோட்டில் போக வேண்டும். அந்த யானைக்கும் என் காயிலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. என்னை உள்ளே கூட்டிப்போய், குடோனில் இருந்த ஒவ்வொரு மூட்டையையும் என் கண் முன்னால் புரட்டிக் காட்டினார். சட்டையெல்லாம் தூசி. இல்லை. வெளியே வந்து எனக்கு டீ சொல்லிவிட்டுச் சொன்னார்: "சம்பந்தம் இல்ல சார். ஆனா ஆனென்னா எல்லாரும் சும்மா ஆயிடுவாங்க, நீங்க ஒருத்தர்தான் ஆகல."

மேடை

சரி, இணையச் சந்தைக்காரனைக் கேட்போம் என்று அவர்கள் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம் பாட்டு. பிறகு ஒரு பெண். நல்ல தமிழ், நல்ல மரியாதை. பொறுப்பு யாருடையது என்று கேட்டேன். விற்றவரும் வாங்கியவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், அனுப்புவது கூரியர், நாங்கள் வெறும் மேடை என்றாள். பேரிகை ஊர்ச் சந்தையில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால், சுங்கம் வாங்குகிறவன்கூட நாலடி பின்னால் ஓடி வருவான் அம்மா என்றேன். "எங்களுக்கு ஓட ஆப்ஷன் குடுக்கல சார்" என்றாள் பாவம்.

அன்றைக்கே கருப்பசாமிக்குப் போன் செய்து, வாங்கிய தொகையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், கணக்கு முடிந்தது என்றேன். பெரிய தர்மம் செய்த நினைப்பு எனக்கு. அவர் சொன்னார்: "காச பிளக்குல வச்சா பொறி வராது அண்ணாச்சி. எனக்குக் காயிலு வேணும்."

வட்ட சீல்

மாசி பிறந்த பிறகு மஞ்சுநாத் கூப்பிட்டார். டெலிவரி ஸ்லிப் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்திருந்ததில் என் ரசீது நம்பரும் இருந்தது. பார்சல் ஒப்படைக்கப்பட்டது என்று போட்டு, வட்டமாக ஒரு ரப்பர் சீல். கார்பன் படிந்து எழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஊர்கூட வாசிக்க முடியவில்லை.

இனி எழுதுவது எனக்குப் பெருமை இல்லை. முப்பத்தொரு வருஷம் பிறர் செய்ததில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். புத்தி அந்தப் பக்கம்தான் ஓடும். தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கிற ஆள், சீலுக்கா பஞ்சம் என்று தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தவில்லை. போன் போட்டுக் கேட்டேவிட்டேன்: "பொருளை வாங்கி வச்சுக்கிட்டு இன்னொண்ணும் வேணுமா? சீல் உங்க பக்கத்துலதானே அடிக்கிறாங்க?"

அந்தப் பக்கம் பஸ் போகிற சத்தம் கேட்டது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "இருவது வருசமா ஊருக்கெல்லாம் புகார் மனு எழுதுதேன் அண்ணாச்சி. ஒங்க மேல ஒண்ணு எழுத எனக்கு அஞ்சு நிமிசம் ஆவாது. எழுதலல்லா? அத வச்சுப் புரிஞ்சுக்கிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.



சிவப்புச் சீட்டு

பங்குனிக் கடைசியில் எங்கள் பழைய கம்பெனி ஸ்டோர்ஸிலிருந்து போன் வந்தது. உள்ளே வரும் சரக்கைப் பதிவு செய்கிற அம்மா. என் காலத்திலும் அவர்தான். இருபது வருஷம் "ஏம்மா ஸ்டோர்ஸ்" என்றே கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவை ஸ்டோர்ஸ் வரைக்கும் வாங்க சார் என்றார்.

போனேன். மேஜைமேல் என் பெட்டி. கருப்பசாமி விலாசம் ஒட்டிய தாளைக் காணோம். பசை காய்ந்து உரிந்து எங்கோ விழுந்துவிட்டது. அடியில் கம்பெனி ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. வழியில் எவனோ அதைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்கே கொண்டுவந்து போட்டிருக்கிறான். கேட்டில் இருந்தவர் சீல் அடித்து வாங்கிவிட்டார். நான் ரிடயர் ஆன பிறகு மாற்றிய புதுச் சீல். வட்டம்.

ரெண்டு மாசமா வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணினீங்க என்று குதித்தேன். அந்த அம்மா சுவரைக் காட்டினார். "சலான் இல்லாத பெட்டியைப் பிரிக்காதே. தனி ரேக்கில் வை." பெயிண்டில் எழுதி மாட்டிய போர்டு. எழுதியவன் நான். ஸ்டாக் எடுக்கிறபோதுதான் அந்த ரேக்கைத் தொட்டிருக்கிறார்கள்.

உள்ளே இருந்த சீட்டை எடுத்து நீட்டினார். பேரில்லை, கையெழுத்தில்லை. "காயில் ஒன்று. நனைக்காதே. தட்டாதே. மாட்டத் தெரியாவிட்டால் தெரிந்தவனைக் கூப்பிடு." எப்படி என்னுதுன்னு கண்டுபிடிச்சீங்க என்று கேட்டேன். "இருவது வருஷம் உங்க சிவப்புச் சீட்டு வாங்கியிருக்கேன் சார். முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு இப்படி எழுத ஓசூர்ல வேற ஆளு கிடையாது."

மரத்தடி

அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீல் விஷயம், நான் கேட்ட கேள்வி உட்பட. கூரியரில் திரும்பப் போடுகிறேன் என்று பெட்டியை எடுத்தேன். குடுங்க சார் என்று வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை திருநெல்வேலிக்கு லோடு லாரி. கோவில்பட்டி வழியாகத்தான் போகும். மேனேஜரிடம் போய், சார் பொருள் நம்ம ஸ்டோர்ஸ்ல தங்கிடுச்சு, நாமதான் சேர்க்கணும் என்று கேட்டு அனுமதி வாங்கினார். வேறு பெட்டி எடுத்தார். ஸ்டிக்கர் இல்லாத பெட்டி. விலாசத்தை அட்டைமேலேயே மார்க்கரில் எழுதினார். டிரைவர் கையில் கொடுத்து, தாலுகா ஆபீஸ் வாசல், வேப்பமரம், ஆளைப் பார்த்துக் கையில்தான் கொடுக்கணும் என்று இரண்டு தரம் சொன்னார். என் சீட்டை மட்டும் உள்ளே வைக்கவில்லை. பதிலுக்கு அவர் என்ன எழுதி வைத்தார் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் போன். பேச்சுக்கு முன்னால் மொபெட் சத்தம்தான் கேட்டது. படபடவென்று, கொஞ்சம் புகைச்சலாக. கார்புரேட்டரைத் துடைக்க வேண்டும் என்று தோன்றியது, சொல்லவில்லை. "மரத்தடிலேர்ந்துதான் பேசுதேன் அண்ணாச்சி. பெஞ்சு எம்பெஞ்சுதான்" என்றார் கருப்பசாமி.

தப்பு என்னுது, பெட்டி என்னுது, பசை என்னுது, அந்த ரூல்கூட என்னுது, உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன், நிறுத்தினால் வராது. அவர் சிரித்தார். "இத எழுத்துல குடுங்க அண்ணாச்சி. பேப்பரு என்ட்ட இருக்கு, எழுதுகூலி வேண்டாம்."

தொலைந்த பார்சலுக்குப் பொறுப்பு விற்றவனா, சந்தைக்காரனா, கூரியர்காரனா என்று இரண்டு மாதம் போனில் கத்தினேன். அந்தப் பொறுப்பை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது, இந்த வியாபாரத்தில் ஒரு நயாபைசா சம்பந்தமும் இல்லாத, இருபது வருஷமாக நான் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஸ்டெல்லா மேரி.