என் வீட்டுக்காரரும் கியர் பாக்ஸ் எண்ணெயும்

சோலைமலை என்று அவர் பெயரை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. புருஷன் பெயரைச் சொல்லாமலே காலத்தைத் தள்ளிவிட்டவள் நான். ஆனால் கதை முழுக்க 'அவர், அவர்' என்று எழுதினால் யாரைத் திட்டுகிறேன் என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர் அவர். அந்த ஒரு வேலைதான் அவருக்கு மனசுக்குப் பிடித்து வந்தது. ஊருக்குத் திரும்பியபின் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில், தோல் பதனிடுகிற இடத்தில், தோல் எண்ணி அடுக்குகிற வேலை. சாயங்காலம் வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் குளிப்பார், அப்படியும் வாடை போகாது. சோற்றில் கை வைக்கும்போது விரலை மோந்து பார்த்துக்கொள்வார்.

மிலிட்டரி ஏலத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையானால் மலைக்கோட்டை அடிவாரத்துப் பாறையில் அதை ஏற்றி இறக்குவதுதான் வேலை. ஐம்பத்தெட்டாம் வருஷம் மதுரை மோட்டார் கிளப்காரர்கள் ஒரு பந்தயம் அறிவித்தார்கள். வேகப் பந்தயம் இல்லை. சிறுமலை அடிவாரத்து ஓடைப் பாறையில் கால் ஊன்றாமல் மேலே ஏற வேண்டும், அவ்வளவுதான். ஜெயிக்கிறவரை மெட்ராஸ் மோட்டார் கம்பெனி ஒன்று வண்டி ஓட்டிக் காட்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் பேச்சு எல்லாம் மெட்ராஸ்தான். தோல் வாடை இல்லாத ஊர் என்று நானும் நம்பினேன்.

வண்டியில் ஒரே கோளாறு, கியர் பாக்ஸ். பாறையில் ஆமை மாதிரி ஊரும்போது அது கொதித்துப் போகும். எந்த எண்ணெய் ஊற்றுவது என்பதில்தான் எங்கள் நிம்மதி போனது. பெட்ரோல் பங்குக்காரர் என்ஜின் ஆயில் கொடுத்தார். அது விடிவதற்குள் ஒழுகி நான் மெழுகிய தரையை நாசமாக்கியது. இன்னொருத்தர் கிரீஸ் அடைக்கச் சொன்னார். பல்சக்கரம் அதில் பள்ளம் பறித்துக்கொண்டு நடுவில் வெறுமையாகச் சுற்றியது. லாரி ஷெட் முகமது பாரூக் அண்ணன் லாரிக்கு ஊற்றும் கெட்டி ஆயிலைக் கொடுத்தார். அதை ஊற்றினால் கியர் மாற்றுவது சேற்றில் புதைந்த காலைப் பிடுங்குவது போல இருந்தது. ஆளுக்கொரு யோசனை, ஒருத்தனுக்கும் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் பழசை வடித்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புதுசு ஊற்றி, பாறையில் ஏற்றி, தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவார். வந்ததும் எரிந்து விழுவது என் மேல்.

கடைசியில் மதுரைக்கு அலைந்து, கெட்டியும் இல்லாத தண்ணியும் இல்லாத ஒரு ஆயிலைப் பிடித்தார். கடையில் இருந்ததே ஒரு டப்பாதான். அதை ஊற்றினதும் வண்டி வாயை மூடிக்கொண்டு சொன்னபடி கேட்டது. அந்த வாரம்தான் அவர் வீட்டில் சிரித்தார்.

அங்கேதான் என் அண்ணன் மொக்கைச்சாமி வந்து சேர்ந்தான். மாட்டு வண்டி ஓட்டுகிறவன். தங்கச்சி வீட்டு வண்டி நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், அதன் இருசுக்கு, சக்கரம் சுற்றுகிற அச்சுக்கு, மை போடுவது கூடப் பிறந்தவன் உரிமை என்பது எங்கள் குடும்ப வழக்கம். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் போடுவார்கள். என் கல்யாணத்துக்கும் அவன்தான் போட்டான். பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல் ஒரு செம்பு நிறைய விளக்கெண்ணெயோடு வந்தான். நான் அடுப்படியில் அவன் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

அவர் வேலை முடிந்து வந்தபோது அண்ணன் பூரித்துப்போய் நின்றான்.

"மாப்ள, உள்ள இருந்தது கருத்துப்போயிக் கெடந்துச்சு. வடிச்சுக் கீழ ஊத்திட்டேன். நம்ம வீட்டு ஆமணக்குல ஆட்டின எண்ணெய், கரி கலக்காம சுத்தமா விட்டிருக்கேன். நாளைக்கு வண்டி பூவாட்டம் போகும் பாருங்க!"

அவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "எதை வடிச்ச?"

"நீங்க வடிக்கிறதப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான் மாப்ள."

"மாட்டு வண்டி ஓட்டுறவனுக்கு மோட்டாரப் பத்தி என்னய்யா தெரியும்? எம் பொழப்பையில்ல கீழ ஊத்திருக்க!" என்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. எல்லோர் முன்னாலும் விளக்கெண்ணெயைச் சொட்டு விடாமல் வடித்து, சாக்கடையில் கொட்டினார். அண்ணன் காலிச் செம்பை எடுத்துக்கொண்டான். கை நனைக்காமல் போய்விட்டான். மை போட வந்த கூடப் பிறந்தவன் பட்டினியாகப் போனால் எந்தப் பெண்ணுக்குத் தாங்கும்? புருஷன் மேலும் ஆத்திரம், கேட்காமல் கை வைத்த அண்ணன் மேலும் ஆத்திரம். இரண்டு பேருக்கும் வைத்த சோற்றை மாட்டுக்குப் போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. மதுரைக் கடை திறக்காது, திறந்தாலும் அந்த ஆயில் அங்கே இல்லை. வேறு வழியில்லாமல் பாரூக் அண்ணனின் லாரி ஆயிலையே ஊற்றிக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன்.

ஓடைப் பாறையில் பாதிவரை அழகாகத்தான் ஏறினார். மேலே செங்குத்தாக ஒரு படி. அங்கே கியரைக் குறைக்க மிதித்தார். விழவில்லை. இன்னொரு மிதி. உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம், வண்டி நின்றது. அவர் இடது கால் மெல்லப் பாறையில் ஊன்றியது. கிளப்காரர் கொடியை இறக்கினார். மெட்ராஸ் அத்தோடு போயிற்று.

அவருக்குப் பின்னால் வந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தங்கு தடையில்லாமல் ஏறிப் போனார். அவர் வண்டி என்னைக் கடந்தபோது ஒரு வாசம் வந்தது. பிள்ளைகளுக்கு உச்சியில் வைக்கக் காய்ச்சுகிறவள் நான், எனக்கா தெரியாது? விளக்கெண்ணெய்.

என் வீட்டுக்காரரும் மோந்திருக்கிறார். போய்க் கேட்டார், "என்ன ஆயில் ஊத்துறீங்க?"

"ஆமணக்கெண்ணெய்தானுங்க. ரேஸ் வண்டிக்கெல்லாம் அதானுங்க. எஞ்சினுக்கும் அதே, கியருக்கும் அதேதானுங்க. ஏனுங்க, உங்க ஊர்ல கிடைக்கலீங்களா?"

என் அண்ணன் இதெல்லாம் தெரிந்து ஊற்றவில்லை. அவனுக்கு ஒரு இழவும் தெரியாது. ஆசையில் ஊற்றினான். அதனால்தான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

கியர் இறுகிய வண்டியைத் தள்ளக்கூட முடியவில்லை. புளிய மரத்தடியில் மாட்டு வண்டியோடு அண்ணன் நின்றிருந்தான். ஒளிந்து நின்று பந்தயம் பார்த்திருக்கிறான். வந்து ஒரு பக்கம் பிடித்தான். மோட்டார் சைக்கிளை வண்டியில் ஏற்றினோம். அவர் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டார். மை போட்ட இருசு ஒரு கிறீச்சு இல்லாமல் உருண்டது. அந்தச் சத்தமில்லாமைதான் என்னைக் கொன்றது.

வெகு தூரம் வந்தபின் அவர் கேட்டார், "மச்சான், அந்த எண்ணெய் இன்னும் இருக்கா?"

அண்ணன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான், "இந்த வருசம் வெளஞ்சது அம்புட்டுத்தான் மாப்ள."

திங்கட்கிழமை காலையில் அவர் தோல் ஷாப்புக்குக் கிளம்பினார், நடந்து.