இந்தப் பையன் நோன்பு பிடிப்பானா?

எங்கள் வீட்டுக்குப் புத்தகங்கள் எடைக்கணக்கில் வந்தன. யாரும் படிக்க வாங்கியதில்லை. போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டச் சரிவில் அத்தா பலசரக்குக் கடை வைத்திருந்தார். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். கடையின் ஒரு ஓரத்தில் டீயும் போடுவார். சீனியும் பருப்பும் பொட்டலம் மடிக்கத் தாள் வேண்டுமே, அதற்காகப் போடியின் பழைய பேப்பர் கடையிலிருந்து மாதம் ஒரு கட்டு, அரிசி மூட்டைகளோடு ஜீப்பில் ஏறி வரும். செய்தித்தாளுக்கும் பரீட்சைத் தாளுக்கும் நடுவே சிறுவர் கதைப் புத்தகங்கள் நசுங்கிக் கிடக்கும். அட்டை இருக்காது. சிலவற்றில் முடிவும் இருக்காது. அத்தா கை வைப்பதற்குள் நான் கை வைத்துவிடுவேன். கடைக்குத் தாள் பற்றாமல் போனால் திட்டு எனக்குத்தான் விழும்.

நாங்கள் பிழைக்கப் போன குடும்பம். பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே எங்களுக்குப் பெயர் பாண்டிப் பிள்ளைகள். பெருநாளுக்குக் கீழே இறங்கினால் போடியில் சொந்தக்காரர்கள் "மலைக்காரங்க வந்துட்டாங்க" என்பார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் ஆட்களுக்கு நாங்கள் பாய் கடைப் பிள்ளைகள். அந்தச் சரிவில் முஸ்லிம் வீடு எங்களுடையது ஒன்றுதான். எனக்கு இதெல்லாம் ஒரு குறையாகவே தெரியவில்லை. எங்கே போனாலும் ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களே, போதாதா?

தம்பிக்கு அப்படியில்லை. என்னைவிட நாலைந்து வயது சின்னவன். தமிழ் எழுத்தை அம்மா எனக்குப் பொட்டலத் தாளில்தான் சொல்லிக்கொடுத்தார். நான் அவனுக்குக் கதை படித்துக் காட்டுவேன். அந்தக் கதைகளில் பிள்ளைகள் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள், பொங்கலுக்குக் கரும்பு கடித்தார்கள். எங்களைப் போன்றவர்கள் வந்தால் தாடி வைத்த வியாபாரியாக, ஒட்டகத்தோடுதான் வருவார்கள். எங்கள் அத்தாவுக்குத் தாடி உண்டு, வியாபாரமும் உண்டு. ஒட்டகம்தான் இல்லை. இருந்தாலும் போடிமெட்டு வளைவில் அது ஏறியிருக்காது.

தம்பி ஒட்டகத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டான். புதுக்கதை எதைத் தொடங்கினாலும் முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி கேட்பான்.

"இந்தப் பையன் நோன்பு பிடிப்பானா?"

"பிடிக்க மாட்டான்."

"ஏன்?"

"அவுங்க வீட்ல பிடிக்க மாட்டாங்க. பேசாமக் கேளுடா."

பேசாமல் கேட்பான். ஆனால் முகம் சுருங்கிவிடும். எத்தனை தரம் இல்லை என்று சொன்னாலும் அடுத்த புத்தகத்தில் அதே கேள்வி வரும். எனக்குக் கோபம் கோபமாக வரும். கோபம் அவன் மேல் இல்லை. ஒரே ஒரு புத்தகத்திலாவது ஒரு பையன் நோன்பு பிடித்துத் தொலைத்தால்தான் என்ன என்று இருக்கும்.

அந்த வருசம் நோன்பு ஏலம் பறிக்கிற மழைமாதத்தில் வந்தது. தம்பி தானும் பிடிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அம்மா இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் மழை, ஒருநாள் விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "முப்பதாவது நோன்பு உனக்குத்தான். நானே எழுப்பி விடுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். முப்பதாவது நோன்பு எல்லா வருசமும் வராது. இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பிறை தெரிந்துவிட்டால் மறுநாள் பெருநாள், அவ்வளவுதான். அம்மா அதைத் தெரிந்துதான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தம்பிக்கும் தெரியும். ஊர் உலகமெல்லாம் பிறை தெரியவேண்டும் என்று வானத்தைப் பார்க்க, எங்கள் வீட்டில் ஒருவன் மட்டும் பிறை தெரியக்கூடாது என்று கையேந்திக்கொண்டிருந்தான்.

எங்கள் சரிவில் பிறை பார்க்கவே முடியாது. நாலு மணிக்கே மூடுபனி இறங்கி எதிரே நிற்கும் மரமே காணாமல் போய்விடும். ரேடியோவில் மலையாளம்தான் தெளிவாக எடுக்கும். கோழிக்கோட்டில் பார்த்த பிறை நமக்கு வேண்டாம், போடிப் பள்ளிவாசலில் சொல்வதுதான் நமக்குக் கணக்கு என்பார் அத்தா. மலையேறிப் பிழைக்க வந்தவர் போடியோடு விடாமல் வைத்திருந்த பிடிமானம் அது. அதனால் பிறைச் செய்தியைக் கொண்டுவருகிற பொறுப்பு ஜீப்பு மாமாவுடையது.

மாமா போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்துக்காரர். விவசாயக் குடும்பம்; நெற்றியில் விபூதி இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார். தோட்டங்களுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு மேலே வந்து, எங்கள் கடையில் டீ குடித்துவிட்டு இறங்குவார். அத்தாவை அவர் பாய் என்பார், அத்தா அவரை மாப்ளே என்பார். பிறை பார்க்கிற நாளில் மட்டும் பள்ளிவாசலில் கேட்டுவிட்டு, இருட்டிய பிறகுதான் வண்டியை எடுப்பார். பிறை தெரிந்திருந்தால், கடைக்குக் கீழே இருக்கும் வளைவிலேயே கையை எடுக்காமல் நீளமாக ஹாரன் அடிக்கவேண்டும். தெரியாவிட்டால் வழக்கம்போல வரவேண்டும். வருசா வருசம் இதுதான் ஏற்பாடு.

அந்த இருபத்தொன்பதாம் நாள் நோன்பு திறந்துவிட்டு எல்லோரும் கடை வாசலில் நின்றோம். பனியும் சாரலும் சேர்ந்துகொண்டு விளக்கு வெளிச்சம் வாசலைத் தாண்டவில்லை. தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான். கேட்காவிட்டால் அடிக்கவில்லை என்று ஆகிவிடுமாம்.

ஹாரன் அடித்தது. நீளமாக, விடாமல்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் அத்தா. அம்மா சேமியாவை எடுக்க உள்ளே ஓடினார். அத்தா கத்தியைத் தேடிக்கொண்டு சேவலைக் கவிழ்த்து மூடியிருந்த கூடைப்பக்கம் போனார். தம்பி காதிலிருந்து கையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் சத்தம் போட்டு அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. தோள் மட்டும் குலுங்கியது. பெருநாள் வந்த சந்தோஷம் எனக்கு அந்த நிமிசமே போய்விட்டது.

ஹாரன் நிற்கவில்லை. அடுத்த வளைவிலும் அடித்தது, மேட்டிலும் அடித்தது. "மாப்ளைக்கு நம்மளவிடச் சந்தோஷம்!" என்று அத்தா சிரித்தார். ஜீப்பு கடை முன்னால் வந்து நின்ற பிறகும் அலறிக்கொண்டே இருந்தது. மாமா குதித்து இறங்கினார். பானெட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டு எதையோ பிடுங்கினார். அப்புறம்தான் மலை அமைதியானது.

"ஈரத்துல வயரு ஒட்டிக்கிச்சு பாய்! கீழ் வளைவுலருந்து கத்துது, நிறுத்த முடியல. பிறையெல்லாம் தெரியல. போடியிலயும் மேகம். எந்த ஊர்லயும் பார்த்ததாச் சேதி இல்லையாம். நாளைக்கும் நோன்புதான்னு பள்ளிவாசல்ல சொல்லிட்டாக."

அம்மா சேமியாவும் கையுமாக நின்றார். அத்தா கத்தியும் கையுமாக நின்றார். தம்பி எழுந்து ஓடிப்போய் மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். ஏதோ மாமாவே பிறையை மறைத்து வைத்துவிட்டு வந்தது போல அப்படி ஒரு பிடி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விசயத்தைக் கேட்டதும், "அட அப்பு, இதுக்குத்தானா?" என்று தலையைத் தடவிக்கொடுத்தார். சேவலுக்கும் ஒருநாள் ஆயுசு கூடியது.

மறுநாள் அவனை யாரும் எழுப்பத் தேவையிருக்கவில்லை. அவன்தான் எங்களை எழுப்பினான். விடிந்ததும் கடை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான். ஏலம் பறிக்கப் போகும் பெண்கள் டீ குடிக்க வரும்போது, "என்ன அப்பு, சாப்ட்டியா?" என்று கேட்பது வழக்கம். மற்ற நாளில் பதில்கூடச் சொல்லமாட்டான். அன்றைக்கு அந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தான். "இல்ல, நோன்பு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னான். ஒரு அக்காவுக்கு மனசு தாங்காமல் ஆரஞ்சு மிட்டாய் ஒன்றை அவன் கையில் திணித்துவிட்டுப் போனார். சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டான்.

மத்தியானத்துக்குமேல் வீரம் குறைந்தது. அரிசி மூட்டைமேல் சுருண்டு படுத்து, "கதை படி அக்கா" என்றான். நான் எடுத்த புத்தகத்தில் ஒரு பையன் தட்டு நிறைய லட்டும் முறுக்குமாக உட்கார்ந்திருந்தான். இரண்டு வரி கேட்டுவிட்டு, "நிறுத்து. அவன் நல்லாத் திங்கட்டும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் ஜீப்பு வந்தது. அன்றைக்குச் சரக்கு எதுவும் இல்லை. மாமா ஒரு தூக்குவாளியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டி வந்திருந்தார். போடிப் பள்ளிவாசலில் பிள்ளைகளோடு வரிசையில் நின்று வாங்கிய நோன்புக் கஞ்சி.

"கேட்டாக, யாருக்குன்னு. மேல ஒரு புது நோன்பாளி இருக்காகன்னு சொன்னேன்" என்றார்.

கஞ்சியில் இன்னும் சூடு இருந்தது. பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு, தம்பி அதை ஒரு மடக்கு குடித்து நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்புப் புகை என்றார். அடுப்பு அணைந்து வெகுநேரமாகியிருந்தது.

பெருநாள் முடிந்து இரண்டு மூன்று நாளில் நான் எழுத உட்கார்ந்தேன். கடையில் மாட்டியிருந்த பழைய மாதக் காலண்டர் கிடைத்தது; தாளின் பின்பக்கம் வெள்ளை. ஒரு பையன், அவன் அத்தாவின் கடை, பனி, பிறை, ஜீப்பு எல்லாவற்றையும் எழுதி, படமும் போட்டேன். கதையில் வரும் அம்மாவின் படத்தை எட்டிப் பார்த்த எங்கள் அம்மா, "இது யாருடீ? உங்க ஜீப்பு மாமா வீட்டம்மாவா?" என்று கேட்டுச் சிரித்தார். நெற்றியில் வட்டமாகப் பொட்டு வைத்திருந்தேன். பார்த்த புத்தகங்களில் அம்மா என்றால் பொட்டோடுதான் இருப்பார். என் கை தானாக அதை வைத்துவிட்டது. அதன்மேல் முக்காடு வரைந்து மறைத்தேன். முக்காடு மூக்கு வரைக்கும் இறங்கிவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஹாரன் அலறி, பையன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்கிற இடத்தில் தாள் தீர்ந்துபோயிற்று. முடிவு இல்லாத புத்தகங்கள் எங்களுக்குப் புதிதா என்ன? கோந்து போட்டு ஒட்டி, தம்பிக்குப் படித்துக் காட்டினேன். முதல் பக்கத்தில் வழக்கமான கேள்விக்காக நிறுத்தினேன். அவன் கேட்கவில்லை. பையன் "அத்தா" என்று கூப்பிடுகிற இடம் வந்ததும் தாளைப் பிடுங்கி, அந்த எழுத்தைத் தானே ஒருதரம் பார்த்துக்கொண்டான். பிறகு கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் காட்டினான். மாமா வந்தபோது, "பாப்பாட்டப் படிச்சுக் காட்டிட்டுக் கொண்டாங்க" என்று அவரிடமே கொடுத்தனுப்பினான். ராசிங்காபுரத்தில் மாமாவுக்குத் தம்பி வயதில் ஒரு மகள் இருந்தாள். நாங்கள் அவளைப் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து மாமா டீயைக்கூடக் கேட்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"என்ன ஆத்தா கதை எழுதுன? பாதியில விட்டுட்ட? எம்மக ராத்திரி சோறு திங்கமாட்டேன்னுட்டா. மிச்சத்தக் கேட்டுட்டு வான்னு வெரட்டுறா."

"மிச்சம்தான் உங்களுக்கே தெரியுமே மாமா, சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன், நம்ப மாட்டேங்குறா. புத்தகத்துல என்ன போட்ருக்குன்னு கேக்குறா."

"அப்படி என்ன கேக்குறா?"

"அந்தப் பையன் நோன்பு பிடிச்சானா இல்லையாங்குறா. அதத் தெரிஞ்சாத்தான் சோறாம்."

மிச்சத்தை எழுதத் தாள் எடுக்க நான் எழுந்தேன். அதற்குள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த தம்பி கீழே குதித்து மாமாவின் முன்னால் போய் நின்றான்.

"பிடிச்சேன்னு சொல்லுங்க."