குடிக்காத சாயத்தண்ணி

ஐம்பதுகளின் கடைசியில் இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். ஐந்து வகுப்புக்கும் ஒரே தகரக் கூரை, ஒரே வாத்தியார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசிக் காம்பராதான் எனக்கு வீடு. பிள்ளைகள் போய்விட்டால் பேச ஆள் கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் என் குரலே எனக்கு மறந்துவிடும் போலிருக்கும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, மூக்குக்கு மேல் கோபம். காரணமும் இருந்தது. 'மாதா பிதா குரு தெய்வம்' என்று பிள்ளைகள் தினமும் கத்துவார்கள். தோட்டத்தில் அந்தக் குருவை யாரும் சட்டை செய்யவில்லை. பறிக்கக் கொழுந்து அதிகமென்றால் கணக்கப்பிள்ளை வகுப்புக்குள் வந்து பெரிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். லீவு கேட்டுத் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நிறுத்தி, தகரக் குவளையில் சாயத்தண்ணி கொடுப்பார்கள். வெறும் தேயிலைச் சாயம்தான்; பால் இருக்காது, சீனி இருக்காது. உள்ளே விருந்தாளிகளுக்குப் பால் போட்ட தேத்தண்ணி போவதை அங்கே நின்றே பார்த்திருக்கிறேன்.

அந்த நாளில் ஹட்டன் கடைவீதியில் ஒரு சீனர் பல் வைத்தியம் பார்த்துவந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், தனி ஆள். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று, நான் வாத்தியார் என்று தெரிந்ததும், தனக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தர முடியுமா என்று சிங்களத்தில் கேட்டார். வருகிறவர்கள் எல்லாம் தோட்டத்துச் சனங்கள், அவர்கள் பேரைக்கூடத் தனக்கு எழுதத் தெரியவில்லையே என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாக ஒப்புக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டதே!

ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்காகக் கடையை அடைத்து வைத்திருந்தார். சுவரில் ஏதோ எழுதி ஒட்டிய சிவப்புத் தாளுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மேசைமேல் ஒரு புதுச் சிலேட்டு. உள்ளே போய், பிடியில்லாத சின்னக் கோப்பை ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி வந்து என்னிடம் நீட்டினார். எட்டிப் பார்த்தேன், சாயத்தண்ணி. பால் இல்லை. சீனி போட்டிருக்கிறதா என்று கேட்டேன், இல்லையென்று தலையாட்டினார். உட்காரவும் இல்லை, தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டே இருந்தார். கிளாக்கர் வீட்டு வேலைக்காரனும் குவளையைத் திருப்பி வாங்க இப்படித்தான் நிற்பான். இங்கேயும் நமக்கு இதுதானா என்று எனக்குச் சுருக்கென்றது.

"எனக்கு வேணாங்க" என்றேன்.

அவர் இன்னொரு தடவை நீட்டினார். கையால் தள்ளிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. கோப்பையை உள்ளே கொண்டுபோனார், சிலேட்டையும் எடுத்து வைத்துவிட்டார். பாடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான் எழுந்து வந்துவிட்டேன். கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்திவிட்டார் என்று பஸ்ஸில் கறுவிக்கொண்டே வந்தேன்.

மானம் பெரிதுதான், பல்வலி அதைவிடப் பெரிது. இரண்டு மாதம் கழித்து இன்னொரு பல் குடையவே, வேறு வழியில்லாமல் அவரிடமே போனேன். பழையதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பிடுங்கிவிட்டார். பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது பக்கத்துத் துணிக்கடைக்காரரின் மகள், ஒன்பது வயதிருக்கும், ரெட்டைப் பின்னலோடு ஓடிவந்தாள். உட்கார்ந்திருந்த சீனர் சட்டென்று எழுந்து, சிவப்புத் தாளுக்குக் கீழே அவளுக்கு நாற்காலி போட்டார். அவள் உட்காரும்வரை அவர் உட்காரவில்லை. பிறகு அந்தச் சிலேட்டை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

என்ன இது என்று அவளிடம் கையால் கேட்டேன்.

"நான்தாண்ணே இவருக்கு டீச்சர்" என்றாள். "மொத நாளு ஒரு சாயத்தண்ணி குடுத்தாரு. ஒரே கசப்பு. அத குடிச்சாத்தான் நாம டீச்சரா இருக்க சம்மதம்னு அர்த்தமாம், அவங்க ஊரு வழக்கமாம். மூக்கப் புடிச்சிக்கிட்டு குடிச்சிட்டேன்."

சிவப்புத் தாளையும் காட்டி விளக்கினாள். வானம், பூமி, ராசா, தாய் தகப்பன், அதற்கடுத்து டீச்சர் என்று எழுதியிருக்கிறதாம்.

"எனக்கு முந்தி யாரோ ஒரு சாருக்குக் குடுத்தாராம். அவரு குடிக்க மாட்டேன்னுட்டாராம்."

சீனர் என்னைப் பார்க்காமல் பல் பிடுங்கும் கொறட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கோப்பை கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? அந்த நாற்காலியில் ஆள் இருந்தது. தோட்டத்துக்குத் திரும்பி, விளக்குக்கூட ஏற்றாமல் காம்பராவில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு இருந்ததுபோல் நான் தனியாக இருந்ததே இல்லை.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்குமேல் வாத்தியாராக இருந்துவிட்டேன், ஓய்வு பெற்றபோது பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். ஆனாலும் ஒரு மனிதர் என்னைத் தாய் தகப்பனுக்கு அடுத்த இடத்தில் உட்காரவைத்து இரண்டு கையாலும் நீட்டியபோது, அதில் சீனி இருக்கிறதா என்று பார்த்தவன் நான் என்பது இன்றைக்கும் தொண்டையில் இறங்காமல் நிற்கிறது.