ரப்பர் பாலில் பதிந்த பாதம்

வடமேற்கு எல்லைச் சண்டையில் நான் சிப்பாயாக இருந்தபோது, கடலுக்கு அப்பால் செமோர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்த என் மனைவியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது; முகவரியைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எழுதியிருந்தார். தணிக்கை அதிகாரி அதைப் பிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை, பழுப்பாக ஒரு கறைதான் இருந்தது. ஏதோ ரகசிய மை என்று அவருக்குச் சந்தேகம்.

பயந்துபோய்க் கை கூப்பினேன்.

"இது என்னோடது இல்லீங்க தொரை."

எரித்துவிடச் சொல்லி, அதிகாரி பக்கத்தில் நின்ற தமிழ் ஹவில்தாரிடம் அதைக் கொடுத்தார். அந்த ஹவில்தார் முன்பு எங்கள் பகுதியிலேயே, காம்பார் பக்கம் தோட்ட வேலை பார்த்தவர். காகிதத்தை மோந்து பார்த்தார்.

"டேய், இது ரப்பர் பால்லா! அஞ்சு வெரலும் தெரியுது பாரு. உன் புள்ளையோட காலுடா!"

நான் கப்பலேறும்போது என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி.

ஹவில்தாரே அதிகாரியிடம் பேசி, காகிதத்தை என் கையில் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது நான் தோட்டத்துக்கே திரும்பிவிட்டேன். மகள் ஓடி வரும்போதெல்லாம் அவரை நினைத்துக் கும்பிடுகிறேன். அன்று அவர் சொன்னதை மனைவியிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். நான் சொன்னதைத்தான் இன்னும் சொல்லவில்லை.